கோத்தகிரி ஒரு தீவு: மலை உச்சியில் மாட்டிக்கொண்ட ராத்திரிப் பல்லிகள்

தீவு என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? அந்தமான், ராமேஸ்வரம், மிஞ்சிப்போனால் மாலத்தீவு. சுற்றிலும் கடல், நடுவில் நிலம். ஆனால் ஒரு பல்லிக்குத் தீவு என்றால் கடல் இருந்தே ஆகவேண்டும் என்பதில்லை. தன்னால் தாண்ட முடியாத ஏதோ ஒன்று நாலு பக்கமும் இருந்தால் போதும், அது தீவுதான்.

மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறிக் கோத்தகிரி வந்தவர்களுக்கு இது உடம்பாலேயே புரியும். கீழே கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர் உயரம், பாக்குத் தோப்பு, வியர்வை. 33 கிலோமீட்டர் வளைந்து வளைந்து ஏறினால் ஏறக்குறைய 1,900 மீட்டர் உயரம், ஸ்வெட்டர், மூடுபனி. நமக்கு இது ஒன்றரை மணி நேரப் பயணம், கூடவே ஒரு பாலிதீன் கவர் (வாந்தி வரும் நண்பர்களுக்காக). குளிரிலும் ஈரத்திலும் சோலைமரப் பட்டையிலும் லட்சக்கணக்கான வருஷம் வாழ்ந்து பழகிய ஒரு சின்ன உயிருக்கு, கீழே இருக்கும் அந்த வெயில் காடு கடல் மாதிரி. இறங்கினால் திரும்ப முடியாது. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு பாலக்காட்டுக் கணவாய் வேறு இருக்கிறது. ரயிலும் லாரியும் காற்றும் அந்த வழியாகப் போகும். மலைப்பல்லி போகாது. இப்படி உயரத்தால் துண்டிக்கப்பட்ட மலை உச்சிகளை உயிரியலில் வானத்தீவுகள் என்பார்கள். மேற்குத்தொடர்ச்சி மலை முழுக்க இப்படி ஒரு தீவுக்கூட்டம்.

இந்தத் தீவுகளில் வாழும் ஒரு பல்லிப் பேரினத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. பெயரைக் கேட்டால் ஒரு அரசியல் கட்சியோ என்று தோன்றும்: திராவிடோகெக்கோ.

இதன் கதை 1875-ல் தொடங்குகிறது. ஆல்பர்ட் குந்தர் என்ற விலங்கியலாளர் ஆனைமலையிலிருந்து வந்த ஒரு பல்லியை விவரித்து, மலையின் பெயரையே வைத்து 'அனமல்லென்சிஸ்' என்றார். 1933-ல் மால்கம் ஸ்மித் அதன் விரல் அமைப்பைப் பார்த்துவிட்டு, இது சாதாரண வீட்டுப்பல்லி வகையறா இல்லை என்று முடிவு செய்து, அதற்கென்றே திராவிடோகெக்கோ என்ற பேரினத்தை உருவாக்கினார். 1995-ல் வேறு இரண்டு ஆய்வாளர்கள் இந்தப் பிரிவினை தேவையில்லை என்று சொல்லி, அதைத் தூக்கி நம் வீட்டுப்பல்லிகளின் பேரினமான ஹெமிடாக்டிலஸில் சேர்த்துவிட்டார்கள். கம்பெனி மெர்ஜர் மாதிரி. 2013-ல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்திலிருந்து டிஎன்ஏவை வைத்து ஒரு ஆய்வு வந்தது. முடிவு: ஸ்மித் சொன்னதுதான் சரி. இந்தப் பல்லி ஹெமிடாக்டிலஸ் கூட்டத்தைச் சேர்ந்தது இல்லை. இதன் கிளை பிரிந்தது கிரெட்டேசியஸ் காலத்தின் கடைசிப் பகுதியில். அதாவது டைனோசர்கள் இன்னும் நடமாடிக்கொண்டிருந்த காலம்.

சரி, ஒரு பழைய பல்லி. அதோடு முடிந்திருந்தால் நான் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். 2019-ல் சைதன்யா, பிரவீண் கரந்த் உள்ளிட்ட ஒரு குழு மலை மலையாக ஏறி இறங்கிச் சேகரித்ததை வெளியிட்டது. அதுவரைக்கும் ஒரே இனம் என்று நினைத்தது உண்மையில் ஏழு. ஒவ்வொரு மலைக்கும் கிட்டத்தட்ட தனித்தனி. வயநாட்டில் இருப்பது செப்டென்ட்ரியோனாலிஸ், அதாவது வடக்கத்தியது. மூணாறில் இருப்பது ஜானகியே. கோவை கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்த தாவரவியலாளர் ஜானகி அம்மாளின் நினைவாக. மேகமலையில் மேகமலையென்சிஸ். பொன்முடியில் இருப்பதற்கு, 1933-ல் சரியாகச் சொன்ன ஸ்மித்தின் பெயர். மாஞ்சோலையில் இருப்பதற்கு 'தி ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு டு த கேலக்ஸி' எழுதின டக்ளஸ் ஆடம்ஸின் பெயர் (ஆய்வாளர்களும் நம்மளை மாதிரிதான் என்று அப்போதுதான் நம்பினேன்). கொடைக்கானலில் இருப்பதன் பெயர்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது: தொல்பல்லி. ஆமாம், தமிழ்ச் சொல்லேதான். தொன்மையான பல்லி. உலகம் முழுக்க எந்த ஆய்வாளர் அதைப் பற்றி எழுதினாலும் 'தொல்பல்லி' என்றுதான் எழுதியாக வேண்டும். இதற்குப் பிறகு நீலகிரியில் கண்டறியப்பட்ட ஒன்றுக்கு ஊர்ப்பெயரே வந்துவிட்டது: திராவிடோகெக்கோ கூனூர். நம் குன்னூர்தான்.

பார்வைக்கு இவை எல்லாமே ஏறத்தாழ ஒரே மாதிரி. வாலை விட்டுவிட்டால் உங்கள் சுண்டுவிரல் அளவு. பழுப்பு, சாம்பல், அங்கங்கே கருந்திட்டு. மரப்பட்டையிலும் பாறை இடுக்கிலும் பழைய கட்டடச் சுவரிலும் பகல் முழுக்கப் பதுங்கியிருந்து, இருட்டினதும் பூச்சி பிடிக்க வெளியே வரும். புலி மாதிரி போஸ்டர் போடும் முகம் கிடையாது. அதனாலேயே 144 வருஷம் ஏழு இனத்தை ஒன்று என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

இப்போது கொஞ்சம் இன்ஜினியரிங். பல்லி எப்படிச் சுவரில் நிற்கிறது என்று கேட்டால் பாதிப் பேர் சக்‌ஷன் கப் என்பீர்கள், மீதிப் பேர் பசை என்பீர்கள். ரெண்டும் கிடையாது. டோக்கே என்ற பெரிய ஆசியப் பல்லியை வைத்து இதை நன்றாக ஆராய்ந்திருக்கிறார்கள். அதன் ஒரு பாதத்தில் சுமார் 5 லட்சம் நுண்மயிர்கள். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு நீளம். ஒவ்வொன்றின் நுனியும் நூற்றுக்கணக்கான கிளைகளாகப் பிரிந்து, கடைசி நுனி சுமார் 200 நானோமீட்டர் அகலத்தில் ஒரு கரண்டி மாதிரி முடியும். இவ்வளவு சின்ன நுனி சுவரை நெருங்கும்போது மூலக்கூறுகளுக்கு இடையிலான வான்டர்வால்ஸ் விசையே போதுமானதாகிவிடுகிறது. முதல் வருஷ கெமிஸ்ட்ரியில் ரெண்டு மார்க்குக்குப் படித்து மறந்தோமே, அதே விசை. 2000-ல் ஒற்றை நுண்மயிரின் பிடியை அளந்தார்கள், 2002-ல் காரணம் வான்டர்வால்ஸ் என்பதற்குச் சோதனை ஆதாரம் வந்தது.

ஒட்டுவது பெரிய விஷயம் இல்லைங்க. ஒட்டினதை நொடியில் எடுப்பதுதான் பெரிய விஷயம். நுண்மயிர் சுவரோடு செய்யும் கோணம் சுமார் 30 டிகிரியைத் தாண்டினதும் பிடி தானாக விட்டுவிடும். அதனால் பல்லி காலைப் பிய்த்து எடுப்பதில்லை, விரல் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சுருட்டி எடுக்கிறது. ஸ்டிக்கர் உரிப்பது போல. ஆனால் தண்ணீரில் நனைந்த கண்ணாடியில் டோக்கேவின் பிடி நன்றாகவே தளர்கிறது என்றும் சோதனையில் பார்த்திருக்கிறார்கள். கோத்தகிரி மாதிரி வருஷத்தில் பாதி நாள் எல்லாமே ஈரமாக இருக்கும் ஊரில், ஒரு பல்லிக்குச் சொரசொரப்பான பட்டையும் காய்ந்த இடுக்கும் ஏன் முக்கியம் என்று இங்கிருந்தே யோசிக்கலாம். வழவழப்பான பெயின்ட் சுவர் அதற்கு நல்ல வீடு கிடையாது.

கண் இன்னொரு ஆச்சரியம். பல்லிகளின் முன்னோர்கள் பகலில் திரிந்தவை, அதனால் இருட்டில் பார்க்க உதவும் குச்சி செல்களை எப்போதோ இழந்துவிட்டன. பிறகு இரவுக்கு மாறும்போது புதுசாகக் குச்சி செல் செய்யவில்லை. இருக்கிற கூம்பு செல்லையே நீட்டிப் பெரிதாக்கிக்கொண்டன. பழைய ஹார்ட்வேரில் புது ஃபர்ம்வேர். இதில் ஒரு லாபம்: கூம்பு செல் நிறம் பார்க்கும். நிலா வெளிச்சத்தில் நமக்கு எல்லாம் சாம்பல். ஆனால் ஸ்வீடனில் 2004-ல் ஹெல்மெட் கெக்கோ என்ற பல்லியை வைத்துச் செய்த சோதனையில், மங்கின நிலவொளியிலும் அது நீலத்தையும் சாம்பலையும் பிரித்துக் கண்டுபிடித்தது. இமை கிடையாது, கண்ணை மூட ஒரு கண்ணாடி மாதிரி படலம்தான். தூசு பட்டால் நாக்கால் நக்கித் துடைத்துக்கொள்ளும். வைப்பர்.

குளிரையும் பார்க்கணும். பல்லிக்கு உடம்புச் சூடு வெளியிலிருந்து வரவேண்டும். டிசம்பர் ராத்திரி கோத்தகிரியில் சூடு எங்கே இருக்கிறது? இரவுப் பல்லிகளை ட்ரெட்மில்லில் ஓடவிட்டு அளந்தவர்கள் (நிஜமாகவே ட்ரெட்மில்), அதே எடையுள்ள பகல் ஓணான்களைவிட இவற்றுக்கு நடப்பதற்கு ஆகும் ஆற்றல் மிகக் குறைவு என்று கண்டார்கள். கம்மி சூட்டில் கம்மி பெட்ரோலில் ஓடும் வண்டி. இந்தத் தகவமைப்பு இருப்பதால்தான் ராத்திரி என்ற காலியான ஷிஃப்டை இவை எடுத்துக்கொண்டன. மலை சூடாகிக்கொண்டே போனால் இந்த வண்டிக்கு என்ன ஆகும்? சமவெளி உயிர் கொஞ்சம் மேலே ஏறி நகர்ந்துகொள்ளலாம். ஏற்கெனவே உச்சியில் இருப்பதற்கு ஏற மேலே மலை இல்லை.

சரி, ஒரு பல்லி போனால்தான் என்ன? நேரடியாகப் பதில் சொல்வதற்கு முன்னால், கடல் நடுவில் இருக்கும் நிஜத் தீவு ஒன்றுக்குப் போவோம்.

இந்தியப் பெருங்கடலில் ஜாவாவுக்குத் தெற்கே கிறிஸ்துமஸ் தீவு. ஆஸ்திரேலியாவின் ஆட்சியில் இருக்கிறது, மொத்தமே 135 சதுர கிலோமீட்டர். அங்கே மட்டும் வாழ்ந்த ஒரு இரவுப் பல்லி லிஸ்டர் பல்லி. 1987 வாக்கில் ஆசியாவிலிருந்து ஒரு வகை ஓநாய்ப் பாம்பு கப்பல் சரக்கோடு சரக்காக அங்கே வந்திறங்கியது. அதற்கு முன் அந்தத் தீவுப் பல்லிகள் அப்படி ஒரு வேட்டைக்காரனைப் பார்த்ததே இல்லை. கொஞ்சம் கொஞ்சமாகத் தீவின் பூர்விகப் பல்லிகளும் அரணைகளும் காணாமல் போயின. லிஸ்டர் பல்லி அழிந்தே போய்விட்டது என்று நினைத்திருந்தபோது 2009-ல் மறுபடி கண்ணில் பட்டது. பூங்கா ஊழியர்கள் காட்டிலிருந்து 43 பல்லிகளைப் பிடித்து வளர்க்க ஆரம்பித்தார்கள், ஒரு பகுதியை சிட்னியின் டரோங்கா விலங்கியல் பூங்காவுக்கு அனுப்பினார்கள். 2012-க்குப் பிறகு காட்டில் ஒன்றுகூடத் தென்படவில்லை. அந்த 43-ன் வாரிசுகள் இன்று நூற்றுக்கணக்கில் இருக்கின்றன, எல்லாம் மனிதக் காவலில். சிவப்புப் பட்டியலில் அதன் நிலை 'காட்டில் அழிந்தது'.

அதே தீவின் காட்டு அரணைக்கு அந்த அதிர்ஷ்டமும் இல்லை. கடைசியாக உயிரோடு இருந்தது ஒரே ஒரு பெண். கம்ப் என்று பெயர் வைத்து வளர்த்தார்கள். ஜோடி தேடினார்கள், கிடைக்கவில்லை. 2014 மே 31-ல் அது செத்தது. ஒரு இனத்தின் முடிவுக்குத் தேதி போட முடிவது அபூர்வம். இங்கே போட முடிகிறது.

மொரீசியஸ் போகலாம். நம் ஆட்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் தீவு. அங்கே நாக்டஸ் என்ற சின்ன இரவுப் பல்லிகள் ஒருகாலத்தில் பெரிய தீவிலேயே இருந்தன, எலும்புகள் கிடைத்திருக்கின்றன. இன்று சுற்றியுள்ள சில குட்டித் தீவுகளில் மட்டும் மிச்சம். எலி, பூனை எல்லாம் காரணம்தான். ஆனால் முக்கியக் குற்றவாளிகளில் ஒருவர் யார் தெரியுமா? ஆசிய வீட்டுப்பல்லி, ஹெமிடாக்டிலஸ் ஃப்ரெனாட்டஸ். உங்கள் வீட்டு ட்யூப்லைட் பக்கத்தில் இருந்துகொண்டு, பாட்டி ஏதாவது சொன்னதும் 'ச் ச் ச்' என்று ஆமோதிக்குமே, அந்தக் குடும்பம்தான். சங்ககாலத்திலிருந்து அதன் சொல்லுக்குச் சகுனம் பார்க்கிறோம், தலையில் விழுந்தால் காலண்டரில் பலன் பார்க்கிறோம், காஞ்சிபுரத்தில் தங்கப்பல்லியைத் தொட்டுக் கும்பிடுகிறோம். ஆனால் கடல் தாண்டின தீவுகளில் அது ஒரு ஆக்கிரமிப்பாளர்.

அது எப்படி ஜெயிக்கிறது என்பதை 1990-களில் ஹவாயில் அழகாகச் சோதித்திருக்கிறார்கள். பழைய விமான ஹேங்கர்களில் ரெண்டு வகைப் பல்லிகளையும் விட்டார்கள். விளக்கு போட்டால் பூச்சி சுவரில் ஒரே இடத்தில் குவிகிறது. வழவழப்பான தட்டைச் சுவர், நடுவில் விளக்கு என்றால் பெரிதாகவும் வேகமாகவும் இருக்கும் வீட்டுப்பல்லி மொத்தத்தையும் சாப்பிட்டுவிடுகிறது, மற்றது மெலிகிறது. சுவரில் தடுப்புகள் வைத்து மேடுபள்ளமாக்கினால் அந்த வித்தியாசம் குறைகிறது. அதாவது போட்டியைத் தீர்மானிப்பது பல்லியின் பலம் மட்டும் இல்லை, நாம் கட்டும் சுவரும் போடும் லைட்டும்கூட.

இந்தச் சோதனையைப் படித்த பிறகு கோத்தகிரியைப் பார்க்கிறபோது எனக்குக் கொஞ்சம் வயிற்றைக் கலக்குகிறது. இரவில் ஒரு சரிவைப் பாருங்க. முன்பு தேயிலை, அதற்கு மேலே கருப்பாகச் சோலை, அவ்வளவுதான். இப்போது ரிசார்ட், ஹோம்ஸ்டே, முகப்பு முழுக்க கீழிருந்து மேலே அடிக்கும் வெள்ளை லைட். செங்கல், டைல்ஸ், ஃபர்னிச்சர் எல்லாம் கீழேயிருந்துதான் லாரியில் வருகிறது. சமவெளிப் பல்லிகள் உலகம் சுற்றினது இப்படித்தான், சரக்கோடும் சரக்குப் பெட்டியோடும். கடினமான ஓடுள்ள முட்டை, இரண்டு இரண்டாக இடுக்கில் ஒட்டியிருக்கும். கவனிக்கக்கூட மாட்டோம்.

நம்ம சிவில் டிபார்ட்மென்ட் நண்பர்களுக்கு ஒன்று. 2009 நவம்பரில் நீலகிரியில் நடந்த நிலச்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். அதற்கு அப்புறம் தடுப்புச் சுவர் கட்டாதீர்கள் என்று யாரும் சொல்ல முடியாது, நானும் சொல்லவில்லை. ஆனால் எப்படிக் கட்டுகிறோம் என்பதில் இடம் இருக்கிறது. பழைய கருங்கல் அடுக்குச் சுவரில் நூறு இடுக்கு இருக்கும், பாசி இருக்கும், பெரணி இருக்கும், பூச்சி இருக்கும். முழுக்க சிமென்ட் பூசின சுவரில் ஒன்றுமே இருக்காது. கம்பி வலைக்குள் கல் அடுக்கும் கேபியன் சுவர் தண்ணீரையும் வடியவிடும், இடுக்கையும் வைத்திருக்கும். மலையில் எல்லா இடத்துக்கும் அது பொருந்தாது, சரிவையும் மண்ணையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் டிசைன் ஷீட்டில் 'இங்கே யார் குடியிருக்கிறார்கள்' என்ற ஒரு கட்டம்கூட நம் பாடத்தில் இல்லை.

காப்பாற்றுவது என்றால் பெரிய சரணாலயம் வேண்டும் என்று நினைக்கிறோம். புலிக்கு வேண்டும். பல்லியின் கணக்கு வேறு. கோத்தகிரி டவுனை ஒட்டியே லாங்வுட் சோலை இருக்கிறது. 116 ஹெக்டேர். ஐஐடி மெட்ராஸ் வளாகம் சுமார் 250 ஹெக்டேர். அதில் பாதிகூட இல்லை இந்தக் காடு. நாலு பக்கமும் தேயிலையும் வீடும். தீவுக்குள் தீவு. 2024-ல் இதற்கு ராம்சார் ஈரநிலம் என்ற சர்வதேச அந்தஸ்து கிடைத்தது. ஏரியும் இல்லை குளமும் இல்லை, காடு எப்படி ஈரநிலம் என்று கேட்கலாம். சோலையின் தரை ஒரு ஸ்பாஞ்ச். மழையையும் பனியையும் குடித்து வைத்துக்கொண்டு மெதுவாக ஓடையாக விடும். கீழே இருக்கும் ஊர்கள் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கின்றன. இந்தச் சின்னக் காடு விறகாகவும் பிளாட்டாகவும் மாறாமல் இருப்பதற்கு உள்ளூர்க்காரர்கள் காவல் குழு அமைத்து வருஷக்கணக்கில் நின்றது ஒரு முக்கியக் காரணம்.

லாங்வுட் மாதிரி எல்லா இடமும் தப்பிக்கவில்லை. பழனி மலையில் நாலு பத்தாண்டுகளில் சோலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று 2018-ல் செயற்கைக்கோள் படங்களை வைத்து ஒரு ஆய்வு காட்டியது. காரணம் மரத்தோட்டமும் விவசாயமும். நீலகிரியிலும் யூகலிப்டஸ், சீகை, தேயிலை என்று அதே கதை இன்னும் பழையது.

இப்போது பழைய கேள்வி. ஒரு பல்லி போனால் என்ன? 2018 வரைக்கும் இதற்கு ஈசியான பதில் இருந்தது: நீலகிரியில் போனால் கொடைக்கானலில் இருக்கிறது, அங்கே போனால் ஆனைமலையில் இருக்கிறது. ஒரே இனம்தானே. 2019-க்குப் பிறகு அந்த பேக்கப் கிடையாது. ஒவ்வொரு மலையிலும் இருப்பது ஒரே காப்பி. குன்னூரின் பல்லி போனால் தொல்பல்லியைக் கொண்டுவந்து விட்டு ஈடுகட்ட முடியாது.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, அதற்குப் பல்லியைத் தொடக்கூட வேண்டாம். மலையில் வீடு இருப்பவர்கள், ஐவிக்கு வருபவர்கள் யாராக இருந்தாலும் சரி. ராத்திரி ஜன்னல் கண்ணாடிக்கு வெளிப்பக்கம் ஒரு பல்லி வந்து உட்காரும். உள்ளே இருந்து பார்த்தால் அதன் வயிறும் பாதமும் தெரியும். மொபைலில் மேக்ரோ போட்டு விரலின் அடிப்பக்கத்தை எடுங்க. குறுக்குக் குறுக்காகப் பட்டைகள் தெரியும். அந்தப் பட்டைகள் நடுவில் கோடு போட்ட மாதிரி ரெண்டாகப் பிரிந்திருந்தால் அது பெரும்பாலும் ஹெமிடாக்டிலஸ், சமவெளிச் சொந்தம். பிரியாமல் முழுசாக ஓடினால், 1933-ல் ஸ்மித் கவனித்த அதே அடையாளத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். கண்மணி செங்குத்துக் கோடாக இருக்கிறதா என்றும் பாருங்க; வட்டமாக இருந்தால் அது நெமாஸ்பிஸ் என்ற பகல் பல்லியாக இருக்கலாம், நீலகிரியில் அதுவும் உண்டு. படத்தை தேதி, இடம், உயரத்தோடு ஐநேச்சுரலிஸ்டில் ஏற்றிவிடுங்க. எந்தச் சுவரில் எது இருக்கிறது, சமவெளிப் பல்லி எத்தனை மீட்டர் வரைக்கும் ஏறியிருக்கிறது என்பதெல்லாம் இப்படிப்பட்ட படங்களிலிருந்துதான் சேரும்.

நல்ல நேரம் மழை விட்ட இரவு, ஏழு மணிக்கு மேல். ஜன்னல் பக்கத்திலேயே நில்லுங்க. ஆர்வத்தில் டார்ச் எடுத்துக்கொண்டு சோலைப் பக்கம் போய்விடாதீர்கள். அந்த நேரத்தில் அங்கே கரடியும் காட்டெருமையும் சிறுத்தையும் டியூட்டியில் இருக்கும்.